கணக்கில் நெல் பணம் இருக்கு, எடுக்க முடியலை: எந்த வகை முடக்கம், யாரிடம் போகணும்?

வெண்ணாற்றங்கரை:
அரசு கொள்முதல் நிலையங்களில் சம்பா நெல் எடுக்கிற நேரம். எங்க வட்டாரத்தில் ஒரே மாதிரி புகார் வருது. பாஸ்புக்கில் வரவு ஏறியிருக்கு, ஏடிஎம்மில் போட்டால் போதிய இருப்பு இல்லைங்குது. கவுண்டரில் கேட்டால் "கேஒய்சி கொடுங்க" (அடையாள, முகவரி ஆவணம்) என்கிறார்கள். ஆதார் நகல் கொடுத்த பிறகும் திறக்கவில்லை. இன்னும் சிலருக்குப் பணம் உள்ளேயே வராமல் திரும்பிப் போயிருக்கிறது. அறுவடை மெஷின் வாடகையும் ஏற்றுக்கூலியும் நிற்கிறது. விவரம் தெரிந்தவர்கள் எழுதுங்கள். வங்கி பெயர் வேண்டாம், வழி மட்டும் போதும்.

ஓய்வு_மேலாளர்:
கவுண்டரில் சொல்வதை வைத்து முடிவு பண்ண வேண்டாம். கூட்ட நேரத்தில் எல்லாவற்றுக்கும் "கேஒய்சி" என்று சொல்லி அனுப்புவது பழக்கமாகிவிட்டது. கணினித் திரையில் கணக்கு எண்ணைப் போட்டால் இது டெபிட் ஃப்ரீஸா (எடுக்கத் தடை), கிரெடிட் ஃப்ரீஸா (வரவுக்குத் தடை), இரண்டுமா, லியனா (ஒரு தொகையை மட்டும் நிறுத்தி வைப்பது), இல்லை செயல்படாத கணக்கா என்று தனித்தனியாகத் தெரியும். காரணக் குறியீடும் கூடவே இருக்கும். அதைப் பார்த்துச் சொல்ல ஒரு நிமிஷம் போதும்.

வாடிக்கையாளரே பாதி கண்டுபிடிக்கலாம். வரவு ஏறுது, எடுக்க முடியலை என்றால் டெபிட் ஃப்ரீஸ். அனுப்பிய பணம் திரும்பிப் போகுது என்றால் முழு முடக்கம், அல்லது கணக்குக்கு உச்சவரம்பு இருக்கு. பாஸ்புக்கில் 84,000, ஏடிஎம்மில் எடுக்கக்கூடிய இருப்பு 59,000 என்று காட்டினால் 25,000-க்கு லியன் விழுந்திருக்கிறது, மீதியை எடுக்கலாம். லியன் விழுந்த கணக்கை "முடங்கிவிட்டது" என்று நினைத்து மீதிப் பணத்தையும் தொடாமல் இருப்பவர்கள் நிறைய.

வங்கிமித்ரா_நீடா:
கேஒய்சி பற்றி ஒன்று. குறைந்த இடர் (மோசடி அபாயம் குறைவு என்று வங்கி வகைப்படுத்திய) வாடிக்கையாளருக்கு 10 வருஷத்துக்கு ஒருமுறைதான் புதுப்பிப்பு. நடுத்தரத்துக்கு 8, அதிக இடருக்கு 2. விவசாயி, கூலி, பென்ஷன்காரர் கணக்கெல்லாம் பெரும்பாலும் முதல் வகையில்தான் இருக்கும். 2025 ஜூனில் ரிசர்வ் வங்கி விதியைத் திருத்தியது. குறைந்த இடர்க்காரருக்குக் கெடு தாண்டினாலும் பரிவர்த்தனையை நிறுத்தக் கூடாது. கெடு வந்த நாளிலிருந்து ஒரு வருஷம், அல்லது 2026 ஜூன் 30, இதில் எது பிந்தி வருகிறதோ அதுவரை அனுமதிக்கணும். கெடுவுக்கு முன்னால் குறைந்தது மூன்று அறிவிப்பு, அதில் ஒன்று கடிதமாக. கெடு தாண்டிய பிறகும் அதே மாதிரி மூன்று.

விலாசம், பெயர் எதுவும் மாறவில்லை என்றால் "மாற்றம் இல்லை" என்று சுய உறுதிமொழி போதும். எஸ்எம்எஸ், ஏடிஎம், கடிதம், எங்களை மாதிரி ஊரில் வங்கிக்காகச் சேவை தரும் வங்கித் தொடர்பாளர் வழியாகக்கூடக் கொடுக்கலாம். ஆனால் ஆதார் நகலைக் கவுண்டரில் நீட்டிவிட்டு வந்தால் அது ஏதோ ஒரு ஃபைலுக்குள் போய்விடும். உள்ளீடு ஆகியிருக்காது. ஒப்புகைச் சீட்டு கேட்டு வாங்குங்க, தேதி முத்திரையோடு.

சிப்பம்40:
கொள்முதல் நிலையப் பக்கத்திலிருந்து சொல்றேன். பணம் திரும்பி வருவதற்கு நாங்கள் பார்க்கும் காரணங்கள்: கணக்கு எண்ணில் ஒரு இலக்கம் தப்பு, வங்கிகள் இணைந்த பிறகும் பழைய ஐஎஃப்எஸ்சி (கிளைக் குறியீடு), அப்புறம் இந்தச் "சிறு கணக்கு". அடையாள ஆவணம் இல்லாமல், போட்டோவும் கைநாட்டும் வைத்துத் திறந்த கணக்கு. அதில் இருப்பு 50,000-ஐத் தாண்டக் கூடாது, வருஷ வரவு ஒரு லட்சத்தைத் தாண்டக் கூடாது, மாசம் 10,000-க்கு மேல் எடுக்கக் கூடாது.

2025-26 பருவத்துக்கு மாநில ஊக்கத்தொகையும் சேர்த்து சன்ன ரகம் குவிண்டால் 2,545. 40 கிலோ சிப்பம் (மூட்டை) 1,018 ரூபாய் ஆகிறது. 50 சிப்பம் போட்டாலே 50,900. நல்லா விளைந்த ஒரு ஏக்கருக்கே அந்தக் கணக்கு தாங்காது. பொது ரகம் 2,500, அதில் சிப்பம் 1,000.

ஓய்வு_மேலாளர்:
சிப்பம்40, பாதி சரி. 50,000 இருப்பு வரம்பில் ஒரு விலக்கு இருக்கிறது. அரசு மானியம், நலத்திட்ட உதவி, கொள்முதலுக்கான பணம் ஆகியவை வரவாகும்போது அந்த இருப்பு வரம்பைப் பார்க்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கியின் கேஒய்சி வழிகாட்டுதலிலேயே எழுதியிருக்கிறது. நெல் பணத்தை அந்தக் காரணத்துக்காகத் திருப்பி அனுப்பினால் அது தவறு. மென்பொருளுக்கு எது கொள்முதல், எது மாட்டு வியாபாரம் என்று தெரியாமல் தட்டிவிடும். கிளையில் எழுத்தில் கேட்டால் கையால் சரிசெய்து கொடுக்கணும்.

ஆனால் விலக்கு இருப்புக்கு மட்டும்தான். எடுக்கும் வரம்பு மாசம் 10,000 அப்படியே நிற்கும். அதனால் விலக்கை நம்பி உட்காராமல், கணக்கை முழுக் கணக்காக மாற்றுவதுதான் வேலை முடியும் வழி. ஆதார், வாக்காளர் அட்டை, நூறு நாள் வேலை அட்டை, ஓட்டுநர் உரிமம், இதில் ஏதாவது ஒன்று போதும். பான் இல்லையென்றால் அதற்கான உறுதிமொழிப் படிவம். மாற்றியபின் அது ஜீரோ பேலன்ஸ் அடிப்படைக் கணக்காகவே தொடரும், குறைந்தபட்ச இருப்பு கேட்க முடியாது.

கல்லணைக்கால்வாய்:
மொபைலில் ஆதார் ஓடிபி போட்டு வீட்டிலிருந்தே திறக்கும் கணக்குக்கும் இதே கதைதானே?

ஓய்வு_மேலாளர்:
ஆமாம், எண்கள் வேறு. இருப்பு ஒரு லட்சம், வருஷ வரவு 2 லட்சம். ஒரு வருஷத்துக்குள் நேரில் போய் அல்லது வீடியோ வழியாக முழு கேஒய்சி முடிக்காவிட்டால் கணக்கை மூடச் சொல்கிறது விதி. காலேஜ் பையன் ஆஃபருக்காகத் திறந்த கணக்கின் எண்ணை அப்பா கொள்முதல் நிலையத்தில் கொடுத்துவிட்டு வருவது நடக்கிறது. கொடுக்காதீங்க.

வங்கிமித்ரா_நீடா:
"பணம் வரலை" என்று வருபவர்களில் பலருக்கு முடக்கமே கிடையாது. நெல் பணம் நீங்கள் பதிவில் கொடுத்த கணக்கு எண்ணுக்குப் போகும். பிஎம் கிசான் 2,000 ரூபாய் ஆதார் வழியாக, கடைசியாக எந்த வங்கியில் ஆதாரைச் சேர்த்தீர்களோ அங்கே போகும். மகளிர் குழுக் கடனுக்கு வேறொரு வங்கியில் ஆதார் கொடுத்திருப்பார்கள், கூடவே மானிய இணைப்புக்கும் கையெழுத்து வாங்கியிருப்பார்கள். பணம் அங்கே கிடக்கும். ஆதார் ஆணையத்தின் தளத்தில் உள்ளே போனால் வங்கி இணைப்பு நிலை என்று ஒரு பக்கம் இருக்கு, எந்த வங்கி, எந்தத் தேதியில் இணைந்தது என்று காட்டும்.

இன்னொரு தலைவலி இனிஷியல். பாஸ்புக்கில் "கோ. முருகேசன்", ஆதாரில் "முருகேசன் கோவிந்தசாமி", சிட்டாவில் "கோவிந்தசாமி மகன் முருகேசன்". மூன்றும் ஒரே ஆள்தான் என்று நமக்குத் தெரியும், கணினிக்குத் தெரியாது. ஆதாரை மாற்ற ஓடாதீங்க. வங்கியில் பெயரை ஆதாரில் உள்ளபடி திருத்துவது சுலபம். கணக்குப் பெயர் திருத்த விண்ணப்பமும் ஆதாரும் போதும்.

வெண்ணாற்றங்கரை:
செயல்படாத கணக்கு என்றும் சொல்கிறார்களே? ஒருவருக்கு 200 ரூபாய் கட்டச் சொன்னார்களாம்.

ஓய்வு_மேலாளர்:
கட்ட வேண்டாம். 2 வருஷம் வாடிக்கையாளர் பக்கத்திலிருந்து எந்தப் பரிவர்த்தனையும் இல்லையென்றால் செயல்படாத கணக்கு. வங்கி போடும் வட்டி, பிடிக்கும் கட்டணம் இதில் சேராது. 2024 ஏப்ரல் 1 முதல் திரும்பத் திறக்கக் கட்டணம் கிடையாது, அந்தக் கணக்கில் குறைந்தபட்ச இருப்புக்கு அபராதமும் கிடையாது. முழு விண்ணப்பம் கொடுத்த மூன்று வேலை நாளில் திறக்கணும். எந்தக் கிளையிலும் கொடுக்கலாம். கோயம்புத்தூரில் வேலை பார்ப்பவர் பாபநாசம் கிளைக்கு வரணும் என்று கட்டாயம் இல்லை. 10 வருஷம் தாண்டினால் பணம் ரிசர்வ் வங்கியின் நிதிக்குப் போகும், அப்போதும் உங்கள் கிளை வழியாகவே திரும்பக் கேட்கலாம். இப்படிக் கேட்பாரற்றுக் கிடக்கும் பணத்தை உத்கம் என்ற ரிசர்வ் வங்கித் தளத்தில் பெயர் போட்டுத் தேடலாம்.

கல்லணைக்கால்வாய்:
இதெல்லாம் சின்ன விஷயம். சைபர் கிரைம் முடக்கம் பற்றிச் சொல்லுங்க. பட்டுக்கோட்டைப் பக்கம் தேங்காய் வியாபாரத்தில் இதுதான் இப்போ பெரிய பயம்.

மன்னை_வக்கீல்:
முதலில் எப்படி விழுகிறது என்று. எங்கோ வேறு மாநிலத்தில் ஒருவர் ஏமாந்து சைபர் மோசடி உதவி எண் 1930-க்கு அடித்துப் புகார் செய்கிறார். அந்தப் பணம் எந்தெந்தக் கணக்கு வழியாக ஓடியது என்று வங்கிகள் தொடர்ந்து போகும். மோசடிக்காரன் அந்தப் பணத்தில் தேங்காய் வாங்கியிருப்பான், வைக்கோல் கட்டு வாங்கியிருப்பான், ஆட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்திருப்பான். வாங்கியவர் கணக்கில் தொகை வந்ததும் சங்கிலியின் அடுத்த அடுக்கு அவர்தான். 18,000 ரூபாய் ஜிபேயில் வந்ததற்காக நெல் பணம் முழுவதும் நின்றுபோகும்.

கிளையில் கேட்க வேண்டியது: புகாரின் ஒப்புகை எண், எந்த மாநிலம், எந்தக் காவல் நிலையம், சர்ச்சைக்குரிய தொகை எவ்வளவு, எந்தத் தேதி எந்தப் பரிவர்த்தனை எண்ணில் வந்தது, காவல் துறை அனுப்பிய மின்னஞ்சலின் நகல். "மேலிடத்து உத்தரவு" என்று மட்டும் சொன்னால் ஏற்காதீர்கள். இந்த விவரம் இல்லாமல் யாரிடமும் போய் நிற்க முடியாது.

அடுத்து வங்கிக்கு எழுத்து மனு: சர்ச்சைத் தொகைக்கு மட்டும் லியன் போடுங்கள், மீதியை விடுவியுங்கள். 2024-இல் சென்னை உயர் நீதிமன்றம் இதைத்தான் சொன்னது. சந்தேகத் தொகையை மட்டும் நிறுத்தி வைக்கலாம், முழுக் கணக்கையும் காலவரம்பின்றி முடக்க முடியாது. 2023-இல் கேரள உயர் நீதிமன்றமும் அதே வழியில் தீர்ப்பளித்தது. தீர்ப்பின் நகலை மனுவோடு இணைத்தால் கிளை அதைச் சட்டப் பிரிவுக்கு அனுப்பும்படி வற்புறுத்தலாம்.

விசாரணை அதிகாரிக்கு மின்னஞ்சல் அனுப்பும்போது அழுகையும் கோபமும் வேண்டாம். ஒரு பக்கம். தொகை வந்த தேதி, எதற்காக வந்தது, லோடு ஏற்றிய வண்டி எண், எடைச் சீட்டு, வியாபாரியின் போன் எண், வாட்ஸ்அப் உரையாடலின் படம், ஆறு மாத ஸ்டேட்மென்ட், சிட்டா அடங்கல் (நில, சாகுபடிப் பதிவு), ஆதார். தேசிய சைபர் கிரைம் தளத்தில் ஒவ்வொரு மாநிலத்துக்கும் தொடர்பு அதிகாரி, குறைதீர் அதிகாரி விவரம் இருக்கிறது, இருவருக்கும் நகல் போடுங்கள்.

பதில் வரவில்லையென்றால் நீதிமன்றம். முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டம் 102 என்று இருந்தது, 2024 ஜூலை 1 முதல் அதற்குப் பதிலாக வந்த பிஎன்எஸ்எஸ் சட்டத்தின் 106-ஆம் பிரிவு. அதன்படி பறிமுதலைக் காவல் துறை உடனடியாக நீதித்துறை நடுவருக்குத் தெரிவிக்கணும். தெரிவித்ததா என்பதே உங்கள் முதல் கேள்வி. மோசடிப் பணத்தை முடக்க 107-இன் கீழ் நடுவரின் உத்தரவு வேண்டும் என்ற வாதமும் சில உயர் நீதிமன்றங்களில் எடுபட்டிருக்கிறது. விடுவிக்கக் கோரும் மனு 503-இன் கீழ், வழக்கு உள்ள இடத்து நடுவரிடம். அது ஆயிரம் மைல் தள்ளி என்றால் நம் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனுதான் நடைமுறை. தஞ்சாவூர் மாவட்டத்துக்காரர் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போகணும். திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறைக்காரர்கள் சென்னைக்கு. இங்கே பலர் மாற்றிப் போய் அலைகிறார்கள்.

சிப்பம்40:
வக்கீல் சார், சில இடத்தில் "தொகையைத் திருப்பிக் கொடுத்துடு, முடக்கத்தை எடுத்துடறோம்" என்று போனில் கேட்கிறார்களாம்.

மன்னை_வக்கீல்:
போனில் சொல்லும் கணக்குக்கு ஒரு பைசா அனுப்பாதீர்கள். பேசுவது காவலர்தானா என்பதே தெரியாது. சமரசமாகத் திருப்பித் தருவதானாலும் எழுத்தில், ஒப்புகை எண் குறிப்பிட்டு, உங்கள் வங்கி வழியாக, புகார்தாரரின் கணக்குக்கே போகணும்.

முன்னெச்சரிக்கை ஒன்றுதான் உண்மையில் பலன் தருவது. வியாபாரத்துக்கு கியூஆர் ஒட்டிய கணக்கு வேறு, நெல் பணமும் பென்ஷனும் வரும் கணக்கு வேறு என்று பிரித்துவிடுங்கள். விதைநெல்லையும் விற்பனை நெல்லையும் ஒரே குதிரில் கொட்டுவதில்லையே. வாங்குபவர் பெயரும் பணம் அனுப்பும் கணக்கின் பெயரும் வேறாக இருந்தால் லோடு ஏறுவதற்கு முன்பே கேளுங்கள்.

வங்கிமித்ரா_நீடா:
இதோடு சேர்த்து: கணக்கை இரவல் கொடுக்காதீங்க. வெளி வியாபாரி நெல்லை விவசாயி பெயரில் கொள்முதல் நிலையத்தில் போட்டு, பணம் வந்ததும் எடுத்துத் தரச் சொல்வது ஊரறிந்த விஷயம். சிப்பத்துக்கு இவ்வளவு என்று கமிஷன். இரண்டு ஏக்கர் அடங்கலுக்கு நாலு ஏக்கர் நெல் வரவு ஆகியிருந்தால் விசாரணையில் மாட்டுவது கணக்குக்காரர்தான். ஏடிஎம் கார்டையும் சிம்மையும் சேர்த்து மாச வாடகைக்குக் கொடுக்கும் பையன்களுக்கு இதைவிட மோசம், அங்கே முடக்கத்தோடு நிற்காது, வழக்கே வரும்.

வெண்ணாற்றங்கரை:
கடன் பாக்கிக்காக நிறுத்தி வைப்பது? மேனேஜர் வாயால் சொன்னதோடு சரி, கடிதம் எதுவும் தரவில்லை.

ஓய்வு_மேலாளர்:
இதில் வங்கிக்கு உரிமை உண்டு, மறைக்க வேண்டாம். ஒப்பந்தச் சட்டம் 171-ஆம் பிரிவும் கடன் பத்திரத்தில் நீங்கள் போட்ட கையெழுத்தும் இருக்கிறது. தவணை தவறிய கடனுக்கு அதே ஆளின் சேமிப்பிலிருந்து ஈடுகட்டலாம். அறிவிப்பு கொடுத்துச் செய்வதுதான் முறை.

ஆனால் டெல்டாவில் பாதிக் குழப்பம் கிசான் கார்டு கணக்கால் வருகிறது. அது சேமிப்புக் கணக்கு கிடையாது, பயிர்க் கடன் கணக்கு. அந்த எண்ணைக் கொள்முதல் நிலையத்தில் கொடுத்தால், வந்த பணம் கடன் பாக்கியில் கழிந்துவிடும். யாரும் பிடித்துக்கொள்ளவில்லை, கணக்கின் தன்மையே அது. வருடாந்திரப் புதுப்பிப்பு முடிந்திருந்தால் வரம்பு வரை திரும்ப எடுக்கலாம். புதுப்பிக்காமல் விட்டிருந்தால் எடுக்க முடியாது. குறுகிய காலப் பயிருக்கு இரண்டு பருவம் பாக்கி நின்றால் வாராக் கடன். பதிவின்போது சேமிப்புக் கணக்கு எண்தானா என்று ஒரு தடவை பாருங்கள்.

மன்னை_வக்கீல்:
மேலாளர் ஐயா சொன்ன உரிமைக்கு எல்லையும் இருக்கிறது. கடன் ஒருவர் பேரில், கணக்கு அவரும் மனைவியும் கூட்டாக என்றால், மனைவி கையெழுத்து இல்லாமல் அந்தக் கூட்டுக் கணக்கில் கை வைக்க முடியாது. மகன் கடனுக்கு அம்மாவின் பென்ஷன் கணக்கை நிறுத்துவது, அம்மா ஜாமீன் போடாதவரை, சட்டப்படி நிற்காது. மகளிர் குழுக் கடன் குழுவின் பேரில். ஒரு உறுப்பினர் கட்டவில்லை என்று இன்னொரு உறுப்பினரின் தனிக் கணக்கை நிறுத்துகிறார்கள். அந்தப் பெண் தனியாக உத்தரவாதம் எழுதிக் கொடுத்திருக்கிறாரா என்று பத்திரத்தைக் காட்டச் சொல்லுங்கள். பல நேரம் காட்ட எதுவும் இருக்காது.

ஓய்வு_மேலாளர்:
வாதத்துக்கு ஒப்புக்கொள்கிறேன். நடைமுறையில் எல்லோரும் உத்தரவாதப் பக்கத்தில் கையெழுத்து போட்டுத்தான் இருப்பார்கள், படிக்காமல்.

கல்லணைக்கால்வாய்:
மகளிர் உரிமைத் தொகை 1,000 ரூபாயைக் குறைந்தபட்ச இருப்பு என்று பிடிப்பது?

வங்கிமித்ரா_நீடா:
அதை ஜீரோ பேலன்ஸ் அடிப்படைக் கணக்காக மாற்றித் தரச் சொல்லி எழுதிக் கொடுங்க, அதோடு பிடித்தம் நிற்கும். அபராதம் போட்டுப் போட்டு சேமிப்புக் கணக்கை மைனஸுக்குக் கொண்டுபோகக் கூடாது என்று 2015 ஏப்ரல் முதலே விதி இருக்கு. இந்தியன் வங்கியும் கனரா வங்கியும் 2025-இல் சேமிப்புக் கணக்குகளுக்குக் குறைந்தபட்ச இருப்பு அபராதத்தையே எடுத்துவிட்டன. பிடித்திருந்தால் கிளையில் மனு கொடுத்து, தமிழக அரசின் புகார் உதவி எண் 1100-லும் பதிவு செய்யலாம்.

சொசைட்டிக்காரர்:
கூட்டுறவுப் பக்கம் யாரும் தொடவில்லை. தொடக்க வேளாண்மைக் கூட்டுறவு சங்கம் வங்கி அல்ல. அங்கே போட்ட வைப்புக்கு 5 லட்சம் காப்பீடு கிடையாது, ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடமும் போக முடியாது. புகார் கூட்டுறவுத் துறை இணைப்பதிவாளருக்கு. ஆனால் தஞ்சாவூர், கும்பகோணம் மத்தியக் கூட்டுறவு வங்கிகளில் உள்ள கணக்கு வேறு. அதற்குக் காப்பீடு உண்டு, 2025 நவம்பர் 1 முதல் மாநில, மத்தியக் கூட்டுறவு வங்கிகளும் குறைதீர்ப்பாளர் திட்டத்துக்குள் வந்துவிட்டன. உங்கள் பாஸ்புக்கின் மேலட்டையில் சங்கம் பெயரா, வங்கி பெயரா என்று பாருங்கள்.

வெண்ணாற்றங்கரை:
குறைதீர்ப்பாளருக்கு எழுதுவது எப்படி? நேராகப் போகலாமா?

மன்னை_வக்கீல்:
நேராகப் போனால் தள்ளுபடி. முதலில் வங்கிக்கு எழுத்துப் புகார், புகார் எண்ணோடு. 30 நாள் ஆகியும் பதில் இல்லை, அல்லது பதில் திருப்தியில்லை என்றால் ரிசர்வ் வங்கியின் சிஎம்எஸ் என்ற புகார்த் தளத்தில் பதியலாம். இலவசம், வக்கீல் தேவையில்லை. உதவிக்கு 14448. வங்கியின் பதில் வந்தபின் தாமதிக்காமல் போகணும்.

அந்த முதல் மனுவில் என்ன எழுதுவது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. நீளம் வேண்டாம்: "எனது சேமிப்புக் கணக்கிலிருந்து இந்தத் தேதி முதல் பணம் எடுக்க இயலவில்லை. கணக்கில் உள்ள தடையின் வகை, அது இடப்பட்ட தேதி, காரணம், எந்த அதிகாரியின் அல்லது எந்தத் துறையின் உத்தரவின் பேரில் இடப்பட்டது, தொகை வரம்பு, நீக்க நான் அளிக்க வேண்டிய ஆவணங்கள் ஆகியவற்றை எழுத்துமூலம் தெரிவிக்கவும். முன்னறிவிப்பு அனுப்பியிருந்தால் அதன் நகலையும் தரவும்." இரண்டு பிரதி, ஒன்றில் முத்திரையும் தேதியும். முத்திரை போட மறுத்தால் சேர்ந்ததற்கான ஒப்புகையோடு ஸ்பீடு போஸ்ட். சைபர் முடக்கத்தில் குறைதீர்ப்பாளர் காவல் துறை உத்தரவை நீக்க மாட்டார். வங்கி விவரம் தர மறுத்தது, சொன்ன தொகைக்கு மேல் நிறுத்தியது, இவற்றுக்கு மட்டும் பயன்படும்.

சொசைட்டிக்காரர்:
கடைசியாக ஒன்று கேட்கிறேன், இது அடிக்கடி வருகிறது. பக்கவாதம் வந்து படுத்திருக்கும் பெரியவர். நெல் அவர் பேரில், பணம் அவர் கணக்கில். நேரில் வரச் சொல்லி, ஆட்டோவில் தூக்கிக்கொண்டு போகிறார்கள்.

ஓய்வு_மேலாளர்:
தூக்கிக்கொண்டு போக வேண்டாம். பணம் எடுக்கும் படிவத்தில் கைநாட்டு, அது முடியாவிட்டால் கால் பெருவிரல் ரேகை. வங்கிக்குத் தெரிந்த இரண்டு சாட்சி அடையாளம் காட்டணும், அதில் ஒருவர் வங்கியின் பொறுப்பான அதிகாரி. ரேகையும் வைக்க முடியாத நிலை என்றால் ஒரு குறி போடச் செய்து, பணத்தை வாங்கப்போகிறவர் யார் என்று அவர் காட்டணும். அந்த ஆளை இரண்டு சாட்சிகள் அடையாளம் காட்டி, அவர் கையெழுத்தையும் வங்கி வாங்கிக்கொள்ளும். 70 வயது தாண்டியவர்களுக்கும் நடமாட முடியாதவர்களுக்கும் வீட்டுக்கே போய்ச் சேவை தர 2017-இலேயே ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது. கிளை மேலாளருக்கு மருத்துவர் சான்றோடு மனு கொடுத்து, அதிகாரி வரும் தேதியை எழுதி வாங்குங்கள். மாசக் கடைசி, பென்ஷன் போடும் முதல் வாரம் இரண்டையும் தவிர்த்துக் கேட்டால் ஆள் கிடைக்கும்.